புதன்கிழமைச் சிவப்புக் கோடுகள்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் தலைமை நர்ஸாக இருந்துவிட்டுப் போன அந்த அம்மாவை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மரியாதை அதற்குப் பிறகு, கொஞ்சம் தள்ளி, வேண்டாவெறுப்பாக வரும்.

ஆள் குள்ளம். பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம் சொந்த ஊர். நடந்தால் சத்தமே வராது. ஆனால் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி நமக்கு இருக்கும். பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நீலத்தை எதற்கு வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. சிவப்பை மட்டும் நன்றாகத் தெரியும்.

நர்ஸ் பெண்கள் யாராவது ஓடிவந்து, "சிஸ்டர், ஏழாம் பெட்டுக்கு மாத்திரை எல்லாம் சொல்லிட்டேன்" என்றால், உடனே திருப்பிக் கேட்பார்:

"நீ சொன்னது இருக்கட்டும். அவங்க இன்னா சொன்னாங்க?"

வீட்டுக்குப் போகிற நோயாளி எல்லாவற்றையும் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த மாத்திரை, எப்போது, எத்தனை, எது வந்தால் உடனே ஓடி வரவேண்டும், எல்லாம். தலையை ஆட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். "தலைய மாடுகூடத்தான் ஆட்டுது" என்பார், நோயாளி காதில் விழுகிற மாதிரியே.

இங்கே பக்கத்தில் இருக்கிற ஆரணியிலிருந்து ஒரு விவசாயி. இதயக் கோளாறு, கால் வீங்கி வந்து படுத்தவர். வீக்கம் வடிந்து கிளம்பும்போது, தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லி அனுப்ப இருந்தார்கள். இந்த அம்மா குறுக்கே வந்தார்.

"பெரியவரே, தண்ணி எப்டி குடிப்பீங்க?"

"அளவாதாம்மா. நாளு பூரா நாலே சொம்பு."

"சொம்பக் கொண்டாந்து காட்டுங்க."

மகன் வண்டி எடுத்துக்கொண்டு போய் ஊரிலிருந்து சொம்பைக் கொண்டுவந்தான். அது சொம்பு இல்லை, குடத்துக்குத் தம்பி. நாலு சொம்பு குடித்தால் மனிதன் மறுபடி வீங்கித்தான் வருவான். அன்றிலிருந்து அந்த மாதிரி நோயாளிகள் எல்லாருக்கும் கோடு போட்ட ஒரு பாட்டில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. யார் உத்தரவு? முதலாளி நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். உத்தரவு அங்கிருந்து வருகிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு சரி. ஆரணி நெல் மண்டியில் மூட்டை தூக்கினேன். மாநில எல்லையில் எளாவூர் செக்போஸ்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டினேன். பிறகு சொந்த லாரி, பிறகு எடைமேடை. கல்கத்தா ரோட்டில் ஓடுகிற லாரியில் என் எடைமேடையில் ஏறாத லாரி இருந்தால் அது புது லாரியாக இருக்கும். அதற்கும் பிறகு, தேர்வாய் கண்டிகையில் கம்பெனிகள் வந்து ஜனம் பெருகியபோது, ஒரு டாக்டரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சொந்த நிலத்தில் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி கட்டினேன். லிப்ட் உண்டு. அடுக்குமாடியில் இருப்பவன்கூட வந்து லிப்டைப் பார்த்துவிட்டுப் போனான். யாரிடமும் கை கட்டி நின்றவன் இல்லை நான்.

அப்படிப்பட்டவன் ஆஸ்பத்திரியில், வரவேற்பு மேசைக்கு எதிரே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அந்த அம்மா ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். வீட்டுக்குப் போன நோயாளி முப்பது நாளுக்குள் அதே வியாதியோடு திரும்பி வந்துவிட்டால் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் கிழமை, அதற்குப் பக்கத்தில் காரணம். பெயர் மட்டும் போடமாட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னாம்மா இது? எவனாவது சொந்தக் கடை வாசல்லயே, எங்க சாமான் சொத்தைனு போர்டு மாட்டுவானா?"

"ஐயா, எடைமேடைல லாரிய எத்தினி வாட்டி ஏத்துவீங்க?"

"ரெண்டு வாட்டி. காலி வண்டி ஒரு வாட்டி, லோடோட ஒரு வாட்டி."

"ஒரு வாட்டி மட்டும் ஏத்திட்டு சீட்டு குடுப்பீங்களா?"

"எப்படிக் குடுப்பேன்?"

"இங்க நோயாளிய உள்ள வரும்போது மட்டும்தான் ஐயா பாக்கறோம். ஊட்டுக்குப் போயி எப்டி இருக்காங்கன்னு பாக்காமலே குணமாயிடுச்சுன்னு சீட்டு குடுத்துகினு இருக்கோம்."

என் கூட்டாளியான பெரிய டாக்டரிடம் முறையிட்டேன். "அளந்தாத்தான சார் சரி பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டு அவர் ரவுண்ட்ஸ் போய்விட்டார். படித்தவர்கள் எல்லாம் ஒரே கட்சி. பலகை அங்கேயே இருந்தது.

பலகையோடு விட்டாரா? கை கழுவும் மருந்து பாட்டில்களைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தராசில் வைத்துப் பார்ப்பார். எடை குறையாத வார்டில் நர்ஸ்கள் கை கழுவவில்லை என்று பொருளாம். வீட்டுக்குப் போனவர்களுக்கு மூன்றாம் நாள் போன் வேறு. ஒரு லாரி டிரைவர், சூளூர்பேட்டைக்காரன், எடைமேடைக்கு வந்து என்னிடம் அழாத குறை.

"இன்னா நைனா, உங்க சிஸ்டரம்மா பெரிய பேஜாரா கீறாங்க. நெல்லூரு தாண்டிப் போய்க்கினு இருக்கேன், போன் பண்ணி வண்டிய ஓரங்கட்ட வெச்சிட்டாங்க. காயத்துக்குக் கட்டு மாத்தினியா, மருந்து எங்க வெச்சிருக்கே, எடுத்துக் காட்டுன்னு வீடியோல வேற. என் பொண்டாட்டிகூட இத்தினி கேள்வி கேட்டதில்ல நைனா."

"காட்டினியா?"

"காட்டாம? அவங்க போன வெச்சாத்தான?"

ஒருநாள் அந்த அம்மா நோட்டோடு என் அறைக்கு வந்தார். "ஐயா, புதன்கிழமை ஊட்டுக்குப் போறவங்கதான் நெறைய திரும்பி வராங்க."

நான் சிரித்தேன். "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு பெரியவங்க சொன்னது பொய்யா? புதன்கிழமை மாதிரி நல்ல நாளு ஏதும்மா?"

"புதன் மேல தப்பே இல்லீங்க. செவ்வாக்கிழமை யாரும் ஆஸ்பத்திரிய வுட்டுக் கெளம்ப மாட்டாங்க. ஆவாத நாளு. புதன் காலைல எமகண்டம். மத்தியானம் பன்னண்டு மணிக்கு ராகு காலம். நடுவுல இருக்கற ரெண்டு மூணு மணி நேரத்துல பத்துப் பதினஞ்சு பேரு கெளம்பறாங்க. ஆட்டோவ வாசல்ல நிக்க வச்சிகினு, கெடியாரத்தப் பாத்துகினு நிக்கறவங்க காதுல நாம சொல்றது இன்னா ஏறும்?"

எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். ராகு காலத்தில் நான் லாரியைக்கூட நகர்த்தினதில்லை.

"வழக்கத்த மாத்தச் சொல்லலீங்க. செவ்வாக்கிழமை எல்லாரும் குணமாயி சும்மாதான உக்காந்துகினு இருக்காங்க? அன்னிக்கே ஒரு ரூம்ல வச்சுப் பொறுமையா சொல்லிக் குடுத்துடலாம். புதன்கிழமை கெளம்பறது மட்டும்தான் வேலை."

"எந்த ரூம்?"

அந்த அம்மா என் அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்மஸிக்குப் பக்கத்தில் இருப்பது, ஏசி போட்டது, தேக்கு மேசை வைத்தது. "இதான் ஐயா வசதியா இருக்கும்."

"பாக்கலாம்" என்றேன். என் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து என் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். அவளுக்குச் சர்க்கரையும் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து ஆறு நாள் வைத்திருந்து, புதன்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். சீட்டு, மருந்து எல்லாம் கைக்கு வரும்போது மணி பதினொன்றே முக்கால். அந்தப் பக்கம் பத்துப் பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா, என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"ஐயா, பத்து நிமிஷம். அம்மாவ உக்கார வையுங்க. ஊட்ல இருக்கற பழைய மாத்திரை இன்னா இன்னான்னு கேக்கணும்."

"பன்னண்டுக்கு ராகு காலம்மா."

"சொல்லாம அனுப்ப முடியாதுங்க."

"யாரு ஆஸ்பத்திரிலேந்து யார அனுப்ப முடியாது?" என்று கேட்டுவிட்டேன். வரவேற்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா ஒதுங்கி வழி விட்டார். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் காரைக் கிளப்பிவிட்டேன். ஜெயித்த சந்தோஷம்.

வீட்டில் மாத்திரை கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. எனக்கு எல்லாம் நிறம்தான். எந்த லாரியின் தார்ப்பாய் எந்த நிறம் என்று இன்றைக்கும் சொல்லுவேன். அவள் சர்க்கரைக்கு மெட்ராஸ் டாக்டர் ஏற்கெனவே கொடுத்திருந்தது பச்சை. எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகக் கொடுத்தது ரோஸ். நிறம் வேறு என்றால் மருந்து வேறு. அதனால் இரண்டையும் ஒழுங்காகக் கொடுத்தேன். ஒரு வேளை தவறவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி வாக்கில் போன் அடித்தது.

"ஐயா, சிஸ்டர் பேசறேன். அம்மா எப்டி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. வை."

"மாத்திரையெல்லாம் முன்னால எடுத்து வச்சிகினு, இன்னா இன்னா குடுக்கறீங்கன்னு சொல்லுங்க."

"எம்மா, நாப்பது பெட்டுக்கு மொதலாளி நானு. எனக்கே பரிட்சை வெக்கிறியா?"

"மொதலாளிக்குப் பண்ணலீங்க. புதன்கிழமை போன பேஷன்ட் ஊட்டுக்குப் பண்றேன். சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "நாஷ்டாக்கு முன்னால பச்சை ஒண்ணு, ரோஸ் ஒண்ணு. அப்பால பெரிய வெள்ளை..."

"பச்சையா? நாங்க பச்சை குடுக்கலியே."

"அது பழசும்மா. மெட்ராஸ்ல குடுத்தது."

"ஐயா, அந்தப் பச்சை அட்டைல இங்கிலீஷ்ல எழுதி இருக்கறத ஒவ்வொரு எழுத்தா படிங்க" என்றார்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. கையெழுத்து ஒன்றை மட்டும் பழகி வைத்திருந்தேன், அதைப் பார்த்து எல்லாரும் பிரமிப்பார்கள். "கண்ணாடி எங்கயோ வச்சிட்டேன்" என்றேன்.

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"பரவால்லீங்க. அம்மா இன்னா பண்றாங்க?"

"தூங்கறா."

"இந்நேரத்துலயா? போயித் தொட்டுப் பாருங்க. வேர்க்குதான்னு பாருங்க. போன வெக்காதீங்க."

போய்த் தொட்டேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, ரவிக்கை முதுகோடு ஒட்டி நனைந்திருக்கிறது. எழுப்பினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, செத்துப்போன அவளுடைய அண்ணன் பெயரைச் சொல்லி, "எப்ப வந்தே?" என்றாள். அதை அப்படியே போனில் சொன்னேன்.

"சக்கரை எறங்கிடுச்சு ஐயா. ரெண்டு மாத்திரையும் ஒரே மருந்தாத்தான் இருக்கும், கம்பெனிதான் வேற. பதறாதீங்க. நிமித்தி உக்கார வையுங்க. முழுங்கறாங்களா?"

"முழுங்கறா, முழுங்கறா."

"சக்கரைத் தண்ணி, ஸ்பூன் ஸ்பூனா. முழுங்கலேன்னா வாயில ஊத்தாதீங்க. குடுத்துகினே உடனே கெளம்பி வாங்க. மாத்திரை மொத்தத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துகினு வாங்க."

பின் சீட்டில் அவளைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் ஸ்பூன். டிரைவர் பறந்தான். அது வெள்ளிக்கிழமை ராகு காலம் என்பது எளாவூர் தாண்டிப் பாதி வழியில்தான் எனக்கு நினைவு வந்தது. வாசலில் ஸ்ட்ரெச்சரோடு அந்த அம்மா நின்றிருந்தார். நாலு நிமிடத்தில் குளுக்கோஸ் ஏறியது. அந்த மாத்திரை விட்டு விட்டு மறுபடியும் சர்க்கரையை இறக்குமாம். இரண்டு நாள், மணிக்கு மணி விரலில் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் என் மனைவி என்னைப் பார்த்து, "ஏன் இப்டி மொகம் கழுவாம உக்காந்துகினு இருக்கீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் எழுந்து போய் முகம் கழுவினேன்.

கீழே வந்தேன். அந்த அம்மா பலகைக்கு முன்னால் சிவப்புப் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டிக்கும் கோடா?"

"முப்பது நாளுக்குள்ள திரும்பி வந்தா கோடுதாங்க."

"நான் மொதலாளி. போடாதேன்னு சொல்றேன்."

"இத விட்டா, இதுக்கு முன்னால போட்டதெல்லாம் பொய்யாயிடும் ஐயா."

கோட்டைப் போட்டார். 'புதன்' என்று எழுதினார். அடுத்தது காரணம். படிக்கத் தெரியாதவர் கொடுத்தது என்று எழுதுவார். வரவேற்பில் இருக்கிற பெண் படிப்பாள், வாட்ச்மேன் படிப்பான், கம்பெனிகளிலிருந்து வருகிற ஆபீசர்கள் படிப்பார்கள். எழுபது வருடம் கட்டிக் காத்த மானம் அந்தப் பேனா முனையில் இருந்தது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதனால் கூடவே படித்துக்கொண்டு வந்தேன்.

'சொல்லிக்கொடுக்காமல் அனுப்பியது. பொறுப்பு: தலைமை நர்ஸ்' என்று எழுதி முடித்தார்.

"இன்னாம்மா இது? இழுத்துகினு போனது நானு. ரெண்டையும் குடுத்தது நானு."

"உங்களத் திருத்தறது என் வேலை இல்லீங்க ஐயா" என்றார், பேனாவை மூடிக்கொண்டே. "ஆஸ்பத்திரியத் திருத்தறதுதான் என் வேலை. நான் கார் முன்னால நின்னு இருக்கணும். நிக்கல."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒன்றுக்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். அந்த எரிச்சல்தான் இன்னும் தீரவில்லை. அறைக்குப் போய் என் தேக்கு மேசையை மாடிக்குத் தூக்கச் சொன்னேன். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். மூட்டை தூக்கிய கை.

அடுத்த வாரமே பார்மஸியில் ஒரு மாற்றம். எல்லா மருந்து அட்டையிலும் சூரியன், நிலா படம் போட்டு ஒட்டினார்கள். எல்லா நோயாளியும் வீட்டில் இருக்கிற பழைய மாத்திரையைப் பையோடு கொண்டுவந்து கட்டிலில் கொட்ட வேண்டும். படித்தவனுக்கும் அதே, படிக்காதவனுக்கும் அதே. இன்ஜினியர் ஒருவர், "எனக்கு எதுக்கு சிஸ்டர் சூரியன் படம்?" என்று கோபித்துக்கொண்டபோது, "எல்லாருக்கும் ஒரே மாதிரிங்க" என்று சொன்னதைக் கேட்டேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை, என் பழைய அறையில் இருபது நாற்காலி. மறுநாள் வீட்டுக்குப் போகிறவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். என் மனைவி வீடு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தாலும், எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். நான் தயாராகப் போனேன். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்திருந்தேன். சூரியன் எது, நிலா எது, எதைத் தூக்கி எறிந்தாயிற்று, எல்லாம் நுனி நாக்கில். தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க ஐயா" என்றார் அந்த அம்மா. "அம்மா சொல்லட்டும்."

"அவளுக்கு இன்னா தெரியும்? நாப்பத்தாறு வருஷமா எல்லாம் நான்தான்..."

"முழுங்கறவங்க அவங்கதாங்க."

என் மனைவி நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். பையிலிருந்து ஒவ்வொரு அட்டையாக எடுத்து பக்கத்து நாற்காலிமேல் வைத்தாள். இது சாப்பாட்டுக்கு முன்னால், இது பின்னால், இது நிலா. நாஷ்டா சாப்பிட முடியாவிட்டால் இதைப் போடக்கூடாது, போன் பண்ண வேண்டும். வேர்த்தாலோ, கை நடுங்கினாலோ, முதலில் சர்க்கரை, அப்புறம் போன். ஒன்று தப்பவில்லை.

"அவ்ளோதானாம்மா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இன்னும் ஒண்ணு இருக்குது" என்றாள் என் மனைவி. என்னைப் பார்க்கவில்லை. "இவரு குடுத்தா எதுன்னு கேக்காம வாயில போடக்கூடாது."

அறை முழுக்கச் சிரித்தது. வாசலில் நின்ற வாட்ச்மேன்கூடச் சிரித்தான். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, என் மனைவியின் மருந்துச் சீட்டில் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு குறி போட்டுக்கொண்டே வந்து, கடைசியாகச் சொன்னதையும் அடியில் எழுதி, அதற்கு நேராகவும் ஒன்று போட்டார்.

"எல்லாமே கரெக்ட்டும்மா" என்றார். "இன்னிலேந்து மூணாம் நாள் நானே போன் பண்றேன். நீங்களே எடுங்க."